யாருடைய காதுக்கு வாசிக்கிறோம்?
ஜாக் ஜான்சன் பற்றிய இரண்டு ஆவணப்படங்களும் அவற்றின் இசையும்

(ஆவணப்படம் எடுக்கப் பழகும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஓர் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் இசை படித்தவனில்லை. பகலில் வங்கியில் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரியில் கவிதை எழுதுகிறேன். ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கிற நேரத்துல பாட்டுக் கேக்கிறேன். இசையைப் பற்றிப் பேச வித்துவான்களுக்குத்தான் தகுதி உண்டு என்கிற எண்ணம் இங்கே ரொம்ப காலமாக ஊறிப்போய்க் கிடக்கிறது. காது எல்லாருக்கும்தான் இருக்கு. கேட்கிறவனுக்கும் பேச உரிமை உண்டு. அந்தத் துணிச்சலில்தான் இங்கே நிற்கிறேன்.

ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கும்போது அதற்கு எப்படி இசை அமைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். அப்படி இல்லை.

ஆவணப்படம் என்றால் சாட்சியம் என்று நாம் நினைக்கிறோம். பழைய புகைப்படம், கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு, நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். இதெல்லாம் ஆவணம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஓடுகிற இசை ஆவணம் அல்ல. அந்த மனிதர் அடிபட்டபோது அங்கே எந்த வயலினும் வாசிக்கவில்லை. பிற்பாடு வந்தவர்கள் சேர்த்தது அது. ஆகவே படத்திலேயே அப்பட்டமான கருத்து எதுவென்றால் இசைதான். விவரணை சொல்கிறவரோடு நாம் சண்டை போடலாம், ‘நீ சொல்றது தப்பு’ என்று. இசையோடு அப்படிப் போட முடியாது. அது வாதம் செய்யாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிழவரின் புகைப்படத்தைத் திரையில் பத்து நொடி நிறுத்துங்கள். கீழே ஷெனாய் போடுங்கள். ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அதையே தாளத்தோடு போடுங்கள். ‘இவர் என்னமோ செய்திருக்கிறார்’ என்பார்கள். எதுவுமே போடாமல் விடுங்கள். அப்போதுதான் அவர் கண்ணையும் கையையும் பார்ப்பார்கள். படம் ஒன்றுதான். தீர்ப்பு மூன்று.

ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையைப் படமாக்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் எடுக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான். அவமானம் என்ற சொல் வந்தால் புல்லாங்குழல், சாவு வந்தால் வயலின். பார்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகிறார். அவருக்கு மனசு லேசாகிவிடுகிறது. யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒரு கறுப்பு மனிதரின் வாழ்க்கைக்கு எழுதப்பட்ட இரண்டு இசைகளைப் பார்க்கப் போகிறோம்.

அவர் பெயர் ஜாக் ஜான்சன். 1878இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். துறைமுகக் கூலியாக வேலை பார்த்துக் குத்துச்சண்டைக்கு வந்தார். கறுப்பர்கள் தங்களுக்குள் சண்டை போடலாம். ஆனால் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு வெள்ளைச் சாம்பியன்கள் கறுப்பரோடு மோத மாட்டார்கள். அதற்குப் பெயர் ‘நிறக்கோடு’. நமக்குப் புரியாத சமாச்சாரமா இது?

ஜான்சன் அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை நாடு நாடாகத் துரத்திக்கொண்டு போய், 1908 டிசம்பர் 26ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் மேடையேற்றினார். பதினான்காவது சுற்றில் பர்ன்ஸ் தாங்க முடியாமல் போனபோது போலீஸ் சண்டையை நிறுத்தியது. கூடவே கேமராவையும் நிறுத்தச் சொன்னது. வெள்ளைச் சாம்பியன் விழுவது படத்தில் பதிவாகக் கூடாது! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரப் போகிறது.

பிறகு ‘வெள்ளை நம்பிக்கை’ ஒன்றைத் தேடினார்கள். ஓய்வு பெற்றுப் பண்ணையில் இருந்த முன்னாள் சாம்பியன் ஜிம் ஜெப்ரீஸைக் கூட்டி வந்தார்கள். 1910 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள். நெவாடாவின் ரீனோ நகரம். பதினைந்தாவது சுற்றில் ஜெப்ரீஸ் வீழ்ந்தார். அன்று இரவே பல நகரங்களில் கறுப்பர்கள் மேல் வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. பலர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். அந்தச் சண்டையின் படத்தைத் திரையிட ஊர் ஊராகத் தடை போட்டார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1940 வரை அது இருந்தது. ஒரு கறுப்பர் ஜெயிக்கிறதைப் பார்க்கக் கூடாது என்பதற்காக 28 வருஷம் ஒரு சட்டம்.

மேடையில் வீழ்த்த முடியாதவரை நீதிமன்றத்தில் வீழ்த்தினார்கள். வெள்ளைப் பெண்களோடு அவர் வாழ்ந்தார், மணந்தார். பெண்களை ‘ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக’ மாநில எல்லை தாண்டி அழைத்துப் போவதைக் குற்றமாக்கிய 1910ஆம் ஆண்டு மான் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி 1913இல் குற்றவாளி என்றது. தண்டனை ஒரு வருஷம் ஒரு நாள். அவர் நாட்டை விட்டுத் தப்பினார். 1915இல் ஹவானாவில் பட்டத்தை இழந்தார். 1920இல் திரும்பி வந்து சரணடைந்து சிறை சென்றார். 1946இல் கார் விபத்தில் இறந்தார்.

சரி, இப்படி ஒரு வாழ்க்கைக்கு என்ன இசை போடுவீர்கள்?

முதல் படம் 1970இல் வந்தது. பெயர் ‘ஜாக் ஜான்சன்’. எடுத்தவர்கள் பில் கேட்டனும் ஜிம் ஜேகப்ஸும். ரெண்டு பேருமே பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள். தடை செய்யப்பட்ட, ஒளித்து வைக்கப்பட்ட சுருள்கள் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் எல்லாமே ஊமைப்படம். குத்து விழுகிறது, சத்தமில்லை. ஜனங்கள் வாய் திறக்கிறார்கள், குரல் இல்லை. அதோடு அந்தக் காலத்தில் கைப்பிடியைச் சுற்றி எடுத்த படத்தை இந்தக் கால வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரி துள்ளுவார்கள். அதற்குக் கீழே பழைய பியானோவைத் தட்டினால் முடிந்தது கதை. உலக சாம்பியன் கோமாளியாகிவிடுவார். ஆக, இசை இங்கே அலங்காரம் இல்லை. உடம்புக்கு அதன் கனத்தைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அது.

அந்த வேலைக்கு வந்தவர் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். ஏன் அவர்? அவரே குத்துச்சண்டைப் பயிற்சி எடுத்தவர். போதைப் பழக்கத்திலிருந்து மீள சுகர் ரே ராபின்சன் என்கிற குத்துச்சண்டை வீரரின் கட்டுப்பாடு தனக்கு முன்மாதிரியாக இருந்ததாகத் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. 1959 ஆகஸ்டில் நியூயார்க்கில், தான் வாசித்துக்கொண்டிருந்த விடுதியின் வாசலிலேயே, தன் பெயர் எழுதிய பலகைக்குக் கீழேயே நின்றபோது, நகர மறுத்தார் என்பதற்காகப் போலீசாரிடம் மண்டை உடைய அடிபட்டவர் அவர். ஜான்சனின் கதையை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

சினிமாவுக்கு வாசிப்பதும் அவருக்குப் புதிதல்ல. 1957 டிசம்பரில் பாரிசில் லூயி மால் இயக்கிய ஒரு கதைப்படத்துக்கு, காட்சிகளைத் திரையில் ஓட விட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தவர். ஜான்சன் படத்தில் அந்த முறை இல்லை. 1970 ஏப்ரல் 7. நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் ஸ்டூடியோ. டேவிஸ் தயாரிப்பாளர் டியோ மாசெரோவோடு கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டிருக்கிறார். காத்திருந்து அலுத்துப்போன கிடார் கலைஞர் ஜான் மெக்லாப்லின் சும்மா ஒரு தாளக்கட்டை வாசிக்க ஆரம்பிக்கிறார். டிரம்ஸில் பில்லி காப்ஹாம் சேர்ந்துகொள்கிறார். பேஸ் கிடாரில் மைக்கேல் ஹெண்டர்சன். பதினெட்டு வயசுப் பையன், ஸ்டீவி வொண்டர் குழுவில் வாசித்துவிட்டு வந்தவன். டேவிஸ் காதில் விழுந்ததும் ஓடிவந்து ட்ரம்பெட்டை எடுக்கிறார். கிடார் ஒரு சுருதிக்குத் தாவிவிட்டது, பேஸ் பழைய சுருதியிலேயே நிற்கிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி இது தப்பு. டேவிஸ் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த உரசலுக்குள்ளேயே நுழைந்து வாசிக்கிறார். வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்கு வந்திருந்த ஹெர்பி ஹான்காக்கைப் பிடித்து ஆர்கன் முன்னால் உட்கார வைத்தார்கள். ஸ்டீவ் கிராஸ்மன் சோப்ரானோ சாக்சபோன்.

அதற்குப் பிறகு கத்தரிக்கோல் வேலை. மாசெரோ அந்த டேப்புகளை வெட்டினார், ஒட்டினார். டேவிஸின் முந்தைய பதிவுகளிலிருந்து துண்டுகளை எடுத்து நடுவில் செருகினார். 1971 பிப்ரவரியில் தட்டாக வந்தபோது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள், ஒவ்வொன்றும் 25 நிமிஷத்துக்கு மேல். ஆவணப்பட எடிட்டர் என்ன செய்கிறாரோ அதையேதான் மாசெரோ இசைக்குச் செய்தார். கிடைத்த துண்டுகளிலிருந்து ஓர் உடம்பைக் கட்டுவது.

அந்த இசையில் 1910 இல்லை. இதுதான் முக்கியம். ஜான்சன் காலத்து ராக்டைம் இல்லை, நீக்ரோ ஆன்மிகப் பாட்டு இல்லை, அழுகை இல்லை. மின்சாரக் கிடாரும் தெருவில் அன்று ஆடிக்கொண்டிருந்த தாளமும்தான். இரண்டாவது உருப்படியின் பேஸ் வரிசையைக் கேட்டால், 1968இல் ஜேம்ஸ் பிரவுன் பாடிய, கறுப்பாயிருப்பதைப் பெருமையாகச் சொன்ன அந்தப் பிரபலமான பாட்டின் அடித்தளம் காதில் விழும். பாட்டை அவர்கள் பாடவில்லை. அதன் எலும்பை மட்டும் கீழே வைத்தார்கள். அந்த ஊர் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. கேட்ட உடனே புரியும். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக முகம்மது அலியின் பட்டத்தைப் பறித்தது 1967. அவர் மறுபடி மேடையேறியது 1970 அக்டோபர். இடையில் வந்தது இந்த இசை. அறுபது வருஷத்துக்கு முந்தைய மனிதருக்கு இன்றைய தாளம் போட்டதன் பொருள், ‘இது முடிந்த கதையில்லை’ என்பதே.

டேவிஸ் தன் சுயசரிதையில் இந்த வேலையைப் பற்றிச் சொல்கிறபோது தான் கேட்டுக்கொண்ட கேள்விகளைச் சொல்கிறார். இந்த இசை போதுமான அளவு கறுப்பாக இருக்கிறதா? ஜான்சன் இதைக் கேட்டால் ஆடுவாரா? கவனியுங்கள். ‘பார்க்கிறவர்கள் அழுவார்களா’ என்று அவர் கேட்கவில்லை. படத்துக்கு உரியவன் ஆடுவானா என்று கேட்டார். என் தலைப்பில் இருக்கிற கேள்விக்கு அதுதான் பதில். செத்துப்போன அந்த மனுசனின் காதுக்கு வாசித்தார்.

படத்தில் ஜான்சனின் குரலாகப் பேசியவர் பிராக் பீட்டர்ஸ். 1962இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தில், செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நின்று, வெள்ளை வக்கீலின் இரக்கத்தை நம்பியிருந்த கறுப்பராக நடித்தவர் அவர். இங்கே அதே குரல், நான் கறுப்பன், அதை மறக்க அவர்கள் என்னை விட்டதில்லை, நானும் அவர்களை மறக்க விடமாட்டேன் என்கிற பொருள்பட முழங்குகிறது. தட்டின் கடைசியிலும் இந்தக் குரலை வைத்தார்கள். இரக்கம் கேட்ட குரலிலிருந்து கணக்குக் கேட்கிற குரலுக்கு எட்டு வருஷத்தில் ஒரு பயணம்.

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதிக் கணக்குத்தான் சொன்னவன் ஆவேன். வங்கியில் வரவை மட்டும் எழுதி ஏட்டை மூட முடியாது.

ஜான்சனின் மனைவி எட்டா டூரியே. ஜான்சன் அவரை அடித்தார், மருத்துவமனையில் கிடக்கும் அளவுக்கு அடித்தார். 1912 செப்டம்பரில், சிகாகோவில் ஜான்சன் நடத்திய விடுதியின் மாடியிலேயே எட்டா தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார். மைல்ஸ் டேவிஸும் தன் வாழ்க்கையில் வந்த பெண்களை அடித்தவர். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இப்போது அந்த இசையை மறுபடி கேளுங்கள். அந்த வீறு, அந்தக் குத்து, அந்த நடை. அதில் எட்டாவுக்கு எங்கே இடம்? இல்லை. வெற்றியின் தாளம் நிற்காமல் ஓடும்போது அதற்குக் கீழே விழுந்தவள் காதில் விழமாட்டாள். வெள்ளையர்கள் ஜான்சன் மேல் போட்ட பொய் வழக்கைத் தாக்குகிற நாம், அவர் கையில் அடிபட்ட பெண்ணைப் பற்றிப் பேசாமல் போனால், நாயக வழிபாட்டுக்கு இன்னொரு சாமியைச் செய்தவர்கள் ஆவோம். நம் இயக்கங்களில் பெண் தோழர்கள் கேட்கிற கேள்வியும் இதுதான். வீர இசை பல சமயம் வீட்டுக்குள் நடந்ததை மூடுகிற இசை.

இரண்டாவது படம் 2004இல் கென் பர்ன்ஸ் எடுத்தது. 2005 ஜனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இரண்டு பகுதிகளாக வந்தது. மூன்றரை மணி நேரம். ‘மன்னிக்க முடியாத கறுப்பு’ என்று பொருள்படும் தலைப்பு, டுபாய்ஸ் ஜான்சனைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்தது. இசை விண்டன் மார்சலிஸ். அவரும் ட்ரம்பெட், அவரும் கறுப்பர். டேவிஸ் மின்சார இசைக்குப் போனதைக் கடுமையாகக் கண்டித்தவர். ஆக ஒரே வாழ்க்கையின் மேல் இரண்டு ட்ரம்பெட்டுகள் நடத்திய விவாதம் என்றே இதைச் சொல்லலாம்.

மார்சலிஸ் நேர் எதிர்த் திசையில் போனார். ராக்டைம், ப்ளூஸ், நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ். சொந்த மெட்டுகளோடு ஜெல்லி ரோல் மார்ட்டனின் மெட்டுகளும். ஜான்சன் நடந்த தெருவில், குடித்த விடுதியில் கேட்டிருக்கக்கூடிய வகை ஒலி. இதற்கும் நியாயம் உண்டு. ஜான்சன் இசைப் பிரியர், பேஸ் வயல் வாசித்தவர். அடிமைகளின் பேரப்பிள்ளைகள் உலகத்துக்கே புதிய இசையைச் செய்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் ஜான்சன் மேடையில் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார். ரெண்டும் ஒரே விடுதலையின் இரண்டு கைகள். மார்சலிஸின் இசை அதைச் சொல்கிறது. அது விவரணைக்கு இடம் விடுகிறது, வேகத்தைக் குறைக்கிறது. எட்டாவின் கதையை நின்று சொல்ல இப்படிப்பட்ட இசையில்தான் வசதி உண்டு.

ஆனால் ஒரு ஆபத்தும் இருக்கு. பழைய காலத்து இசை போட்டால் அநியாயமும் பழைய காலத்தது ஆகிவிடும். ‘அந்தக் காலத்துல இப்படியெல்லாம் நடந்திருக்கு பாருங்க’ என்று பார்க்கிறவர் நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த சங்கிலி மாதிரி. டேவிஸிடம் அந்த வசதி கிடையாது. ஆனால் அவரிடம் எட்டா இல்லை. மார்சலிஸிடம் காலம் இருக்கு, காலத்தின் சூடு குறைவு. எது சரி என்று என்னைக் கேட்டால், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள் என்பேன். படம் எடுக்கிறவர் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நமக்குப் பக்கத்தில் நடந்தது. 1997 ஜூலை 11இல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் சுட்டுப் பத்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்துப் பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். அவரிலிருந்து தொடங்கி ஆனந்த் பட்வர்தன் பதினான்கு வருஷம் எடுத்து 2011இல் முடித்த படம் ‘ஜெய்பீம் காம்ரேட்’. அங்கே வெளியிலிருந்து ஒருவர் வந்து துக்கத்துக்கு இசை அமைக்கவில்லை. கோக்ரேவும் அவரைப் போன்ற பாடகர்களும் பாடியதுதான் படத்தின் இசை. அவர்கள் பாட்டிலேயே வாதம் இருக்கு, கேலி இருக்கு, கோபம் இருக்கு. செத்தவரைப் பற்றிப் பிறர் பாடாமல் செத்தவரே பாடுகிறார்.

கேமராவைக் கையில் எடுக்கப் போகிற மாணவர்களுக்குச் சில சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

முதலில் படத்தை இசையே இல்லாமல் முழுசாக ஓட்டிப் பாருங்கள். எங்கே படம் தானாக நிற்கிறதோ அங்கே எதையும் போடாதீர்கள். எங்கே தொய்கிறதோ அங்கே எடிட்டிங்கைச் சரி செய்யுங்கள். இசையைப் போட்டு ஓட்டையை அடைக்காதீர்கள்.

ரெண்டாவது, ஒருவர் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லும்போது அவர் குரலுக்குக் கீழே எதுவும் வேண்டாம். அவர் மூச்சு வாங்குவதும் நிறுத்துவதும் கேட்கட்டும். வயலின் போட்டால் ‘இவர் சொல்வது போதாது’ என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம்.

மூன்றாவது, அந்த மனிதர் எதைக் கேட்டார், எதைப் பாடினார், எந்தச் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தார் என்று விசாரியுங்கள். தறிச் சத்தமாக இருக்கலாம், சினிமாப் பாட்டாக இருக்கலாம். ‘இவர் தலித், அதனால் பறை’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பறைக்கு அடி வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. அடிக்கிறவரைக் கேட்காமல் கோபத்துக்கு ஒரு கைப்பிடி பறை தூவுவது அந்தக் கலைக்குச் செய்கிற மரியாதை இல்லை.

நாலாவது, வாசித்தவருக்குக் காசு கொடுங்கள், பெயரைப் போடுங்கள். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மொத்தமாகப் போடாமல் ஒவ்வொரு பெயரையும் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2018 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜாக் ஜான்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். தண்டித்து 105 வருஷம் கழித்து, அவர் செத்து 72 வருஷம் கழித்து. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் மன்னிக்கிறவன் யார், மன்னிக்கப்பட வேண்டியவன் யார் என்கிற கேள்வி அந்தக் காகிதத்தில் இல்லை. 1970இல் பதிவான அந்த இசையில் அது இருக்கிறது. நீங்கள் எடுக்கப் போகிற படத்தில் அது இருக்குமா என்பதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

கேளுங்கள் தோழர்களே. விவாதிப்போம்.